220 கி.மீ. ஓட்டிப் போய், ட்ராக்கில் சுற்றி, அதே காரில் வீடு திரும்ப

ட்ராக் டேக்கு, அதாவது சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்ட விடும் நாளுக்கு, காரைத் தயார் பண்ணணும் என்று யார் என்னிடம் பேச்சை ஆரம்பித்தாலும் முதல் கேள்வி ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது) பற்றித்தான் வருகிறது. எத்தனை குதிரைத்திறன் கூடும், எந்த எக்ஸாஸ்ட் போட்டால் சத்தம் நன்றாக இருக்கும், இன்டேக் மட்டும் மாற்றினால் போதுமா என்று. அந்தக் கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. தினமும் வேலைக்கு எடுத்துப் போகிற காரை ட்ராக்குக்கு மாற்றுவது முக்கால்வாசி சூட்டைச் சமாளிக்கிற வேலை. பிரேக், பிரேக் ஆயில், இன்ஜின் ஆயில், கூலன்ட், டயர் எல்லாமே ரோட்டில் ஒருநாளும் பார்க்காத சூட்டை ட்ராக்கில் பதினைந்து நிமிடத்தில் பார்த்துவிடும். பவரைக் கூட்டினால் இந்த ஐந்தும் இன்னும் கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான்.

என் கார் அபார்த் புன்ட்டோ. ஃபியட் 2015-ல் இங்கே விட்ட வண்டி. 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் டார்க், ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான எக்ஸ்-ஷோரூம் விலையில் அன்றைக்கு வேறு யாரும் 145 குதிரைத்திறன் ஹேட்ச்பேக் கொடுக்கவில்லை. இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்பதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், எனக்கு இது ஸ்போர்ட்ஸ் கார்தான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட் வரை போக வர தினம் நூறு கி.மீ. ஓடுகிறது, மேலுமலை ஏறி இறங்கி, சூளகிரி தாண்டி, மாம்பழ சீசன் என்றால் கூழ் தொழிற்சாலைக்குப் போகிற மாங்காய் டிராக்டர்களுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து. ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டதால் உதிரிபாகம் ஒவ்வொன்றையும் தேடித்தான் வாங்கணும். எனவே இந்த வண்டியை வெட்டி, ஒட்டி, ரேஸ் காராக ஆக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

ட்ராக் விஷயத்தில் கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் மாவட்டங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. சென்னை நெடுஞ்சாலையிலேயே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா என்று நேராகப் போனால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 220 கி.மீ. இந்தியாவில் மோட்டார் ரேஸ் என்றாலே ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுதளம்தான், அதை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் திறந்த ட்ராக் இது. ஒரு சுற்று 3.717 கி.மீ., பன்னிரண்டு வளைவுகள். இன்னொன்று கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை உருவாக்கிய கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார், அவர் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அது சின்ன ட்ராக், 2.1 கி.மீ. நேர்ப்பகுதி குறைவு, அதனால் பிரேக் ஆறுவதற்கு நேரமும் குறைவு. தர்மபுரிக்காரர்களுக்குச் சேலம் வழியாக அதுவும் எட்டுகிற தூரம்தான்.

இந்த 220 கி.மீ.தான் என் கார் எப்படி இருக்கணும் என்பதை முடிவு செய்தது. டிரெய்லரில் ஏற்றிப் போகிறவர்கள் வண்டியில் எதை வேண்டுமானாலும் பண்ணலாம். நாம் அதே காரில் போய், ஓட்டி, அதே காரில் திரும்பி வந்து, திங்கட்கிழமை காலையில் அதே காரில் வேலைக்குப் போகணும். அதனால் எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்று: ட்ராக்குக்காகப் பண்ணுகிற எந்த வேலையும் ஒன்று நிரந்தரமாக இருந்தாலும் தினசரி ஓட்டத்துக்குத் தொந்தரவு இல்லாததாக இருக்கணும், இல்லையென்றால் ஒரு சாயங்காலத்தில் வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கணும். இந்த இரண்டிலும் சேராததை நான் தொடுவதில்லை.

முதல் வேலை பிரேக். இதில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தர்மபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கியவர்களுக்கு லாரி பிரேக் சூடாகி வரும் அந்த நாற்றம் தெரியும். எங்கள் சித்தப்பா லாரி ஓட்டியவர், சின்ன வயதில் அவரோடு கேபினில் உட்கார்ந்து அந்த இறக்கத்தில் இறங்கியிருக்கிறேன். "எந்த கியர்ல ஏத்துவியோ அதே கியர்ல இறக்கணும்டா, பிரேக்க நம்பி நியூட்ரல்ல விட்டா இரட்டைப் பாலத்துல போய்த்தான் நிக்கும்" என்பார். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி விரிந்துவிடும், லைனிங்கின் பிடி குறையும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அங்கே நடக்கும் விபத்துகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற காரணம் இது. ட்ராக்கில் காருக்கு வருகிற ஆபத்தின் வேரும் இதுதான், சூடு போவதற்கு வழி இல்லாமல் சேர்ந்துகொண்டே போவது.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். 1,200 கிலோ எடையுள்ள கார் 160 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். அந்த வேக வித்தியாசத்தில் இருக்கும் ஆற்றல் சுமார் பத்து லட்சம் ஜூல். மூன்றரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஆகிற வெப்பம் அது. காற்றும் இன்ஜினும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும் பெரும்பகுதி மூன்று நான்கு வினாடியில் பிரேக் டிஸ்க்குக்குள், அதிலும் முன்சக்கர டிஸ்க்குக்குள்தான் போகிறது. ஒரு சுற்றில் இப்படிப் பல தடவை, ஒரு செஷனில் (ஒரு தடவை ட்ராக்குக்குள் ஓட்ட விடும் நேரம்) பல சுற்று. ரோட்டில் யாரும் இப்படி பிரேக் போடுவதில்லை, போடவும் கூடாது.

டிஸ்க்கிலிருந்து அதை இறுக்கிப் பிடிக்கும் பேடுக்கு, பேடிலிருந்து அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனுக்கு, அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கு என்று இந்தச் சூடு ஏறும். பிரேக் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் தொளதொளவென்று தரை வரைக்கும் போய்விடும். பேட் சூடாகிப் பிடி குறைவது வேறு விஷயம், அதில் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, அதனால் எது நடக்கிறது என்று காலாலேயே தெரிந்துகொள்ளணும்.

பிரேக் ஆயில் விஷயத்தில் நம் ஆட்கள் ரொம்ப அலட்சியம். கசிவு இல்லையே, அளவு இருக்கிறதே, அப்புறம் எதற்கு மாற்றணும் என்பார்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு அந்த அளவு வெறும் 155. மூன்று நான்கு வருஷம் மாற்றாத ஆயிலோடு ட்ராக்குக்குப் போனால் எந்த பேட் போட்டும் பிரயோஜனம் இல்லை. நான் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போடுகிறேன், புதிதாக 312, ஈரமேறினால் 205. வருஷத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றி, ஒவ்வொரு ட்ராக் டேக்கு முன்பும் நான்கு சக்கரத்திலும் கொஞ்சம் விட்டு ஏர் எடுத்துவிடுவேன். கடையில் வாங்கும்போது டாட் 5 என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், அது சிலிக்கான், நம் பிரேக்கோடு சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும். நான் வண்டிக்குச் செய்த செலவிலேயே இதற்கு ஈடாகப் பலன் தந்த இன்னொன்று கிடையாது, அவ்வளவு குறைந்த காசு.

அடுத்தது பேட். சாதாரண பேட் ரோட்டுக்கு நல்லது, காலையில் முதல் மிதியிலேயே பிடிக்கும், சத்தம் போடாது, ஆனால் அதிகச் சூட்டில் கை விட்டுவிடும். ட்ராக் பேட் அப்படியே தலைகீழ். சூடான பிறகு அற்புதமாகப் பிடிக்கும், ஆறியிருக்கும்போது சோம்பலாக இருக்கும், கிறீச் என்று கத்தும், டிஸ்க்கையும் அரிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி முதல் திருப்பத்தில் பள்ளிக்கூடப் பையன் சைக்கிளில் குறுக்கே வந்தால் ஆறிக் கிடக்கும் ட்ராக் பேடை நம்ப நான் தயாரில்லை. அதனால் இரண்டு செட். ட்ராக் டேக்கு முந்தைய நாள் சாயங்காலம் முன்சக்கரத்தில் மட்டும் மாற்றுவேன், வந்த பிறகு திரும்ப மாற்றுவேன். மாற்றிய ஒவ்வொரு முறையும் ஆளில்லாத சாலையில் பக்குவப்படுத்தணும், 80-லிருந்து 20 வரை படிப்படியாகப் பல தடவை பிரேக் போட்டு, முழுதாக நிற்காமல், அப்புறம் காற்றில் ஆற விடணும். பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே சீராகப் படிந்தால்தான் பிரேக் அதிராது.

செஷன் முடிந்ததும் கடைசிச் சுற்றைப் பிரேக் போடாமல் மெதுவாகச் சுற்றி வாருங்கள். வந்து நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள். பின் டிஸ்க்கும் சூடாகத்தான் இருக்கும், ஒரே இடத்தில் பேட் அழுத்திக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மட்டும் படிவு ஒட்டும், அப்புறம் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் ஆடும். சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரில் விட்டு நிறுத்தினால் போதும். டர்போ வண்டிக்கு இந்த மெதுவான சுற்று இன்னொரு வகையிலும் அவசியம், டர்போவும் அந்த நேரத்தில்தான் ஆறும்.

சரி, டயர். இதில் நான் சொல்வதைவிடக் காற்றழுத்த மீட்டர் நிறைய சொல்லும், நல்லதாக ஒன்று வாங்குங்கள். டயருக்குள் காற்று ஆறு டிகிரி சூடானால் அழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ கூடும். ட்ராக்கில் நாற்பது டிகிரி கூடுவது சாதாரணம், 32-ல் கிளம்பிய டயர் 38-க்கு மேல் நிற்கும், தரையோடு சேர்கிற பரப்பு குறையும், வண்டி வழுக்கும். உடனே இறங்கி, சூடாக இருக்கும்போதே அளந்து இறக்கணும். எவ்வளவு இறக்கணும் என்பதை டயரின் தோளில் (தரைப்பக்கத்தின் ஓரத்தில்) தேய்ந்த அடையாளத்தைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். அப்புறம் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஆறிய பிறகு திரும்ப ஏற்ற மறக்கக் கூடாது, வாலாஜா பக்கம் 110-ல் அழுத்தம் குறைந்த டயரோடு போவது ட்ராக்கைவிட ஆபத்து. அரை ஸ்லிக் டயர், அதாவது பள்ளங்கள் குறைவான ட்ராக் டயர், இன்னொரு செட் வீலில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். என் பாணியில் 220 கி.மீ. ஓட்டிப் போகிறவர்களுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் ரோடு டயரே சரி, ஐப்பசி மழையில் அரை ஸ்லிக்கோடு நெடுஞ்சாலையில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

முன்சக்கர இழுவை வண்டியில் வெளித்தோள் மட்டும் வேகமாகத் தேயும். காரணம் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கும் அளவு, போதாமல் இருப்பது. கம்பெனியில் இருந்து வரும்போது அரை டிகிரி அளவுக்குத்தான் உட்சாய்வு இருக்கும், ட்ராக்குக்கு இரண்டு, இரண்டரை வேண்டும். சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கேம்பர் போல்ட்டாக மாற்றினால் ஒரு டிகிரி, ஒன்றேகால் டிகிரி கிடைக்கும், தினசரி ஓட்டத்துக்கு அதுவே நல்ல சமரசம். பலரும் கேம்பர் வைத்தால் உள்பக்கம் தேயும் என்று பயப்படுகிறார்கள், உண்மையில் தினசரி ஓட்டத்தில் டயரைத் தின்பது பெரும்பாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) சரியில்லாததுதான். அலைன்மென்ட் கடையில் "கேம்பர்லாம் மாத்த முடியாது சார், டோ மட்டும்தான்" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். போல்ட்டை நீங்களே மாட்டிக்கொண்டு போய், மெஷினில் எண்ணைப் பார்த்து நிறுத்தச் சொன்னால் செய்துவிடுவார்கள்.

வண்டியைத் தாழ்த்துவது பற்றி ஒரே வரி: ராயக்கோட்டை ரோட்டிலும் காவேரிப்பட்டணம் உள்கிராமங்களிலும் இருக்கும் ஸ்பீட் பிரேக்கரைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். என் வண்டியின் தரை இடைவெளி 155 மி.மீ., அதில் ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டேன்.

இன்ஜினில் நான் செய்தது எல்லாம் பராமரிப்புதான், ஆனால் அதைக் கறாராகச் செய்தேன். ஆயில் அளவுக்கம்பியின் மேல்கோடு வரை இருக்கணும், நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சக் கூடாது. ட்ராக் டேக்கு முன்பு புது ஆயில், வழக்கமான மாற்று தூரத்தில் பாதியிலேயே அடுத்தது. இந்த டி-ஜெட் இன்ஜினில் டைமிங் பெல்ட், வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுழல்கிறது. கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷக் கணக்கில் ரப்பர் பழசாகிவிடும், ஆகையால் பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிட்டுத்தான் முதல் தடவை இருங்காட்டுக்கோட்டைக்குக் கிளம்பினேன். ரேடியேட்டருக்கு முன்னால் அடைந்திருக்கும் பூச்சி, வைக்கோல் தூசியைப் பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ஜல்லி, கிரானைட் லாரி ஓடுகிற நம் சாலைகளில் ஒரு வருஷத்தில் சேர்கிற புழுதி கொஞ்சமில்லை. டர்போ தள்ளும் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கும் அதே கழுவல். எந்த ரீமேப்பும் தராத சீரான பவரைச் சென்னை வெயிலில் இது தரும், ஏனென்றால் உள்ளே போகும் காற்று சூடானால் இன்ஜின் கம்ப்யூட்டர் தானாகவே இக்னிஷனைப் பின்தள்ளிப் பவரைக் குறைத்துவிடும்.

இப்போது நான் கோபத்தோடு எழுதப் போகிற பகுதி. தினசரி காரில் இரு தோளையும் கட்டும் நான்கு புள்ளி ஹார்னஸ் பெல்ட் மாட்டி, சாதாரண சீட்டில் உட்கார்ந்து, ரோல் கேஜ் (கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) இல்லாமல் ட்ராக்குக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படத்துக்கு நன்றாக இருக்கும். வண்டி உருண்டால் கூரை அமுங்கும். மூன்று புள்ளி பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாயும். ஹார்னஸ் உடம்பை நிமிர்த்தியே பிடித்து வைத்திருக்கும், கூரை நேராகத் தலையில் இறங்கும். சரி, கேஜ் போட்டுவிடலாமே என்றால், ஹெல்மெட் இல்லாமல் ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது சின்ன மோதலில்கூடத் தலை அந்த இரும்புக் குழாயில் அடிக்கும். அதனால் ஹார்னஸ், ரேஸ் சீட், கேஜ், கழுத்துக் காப்பு எல்லாம் ஒரே மூட்டை. எல்லாம் வேண்டும், இல்லையென்றால் எதுவும் வேண்டாம். தினசரி காருக்கு எதுவும் வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. கம்பெனி பெல்ட், ஏர்பேக், நல்ல ஹெல்மெட். ஹெல்மெட்டில் ஸ்னெல் எஸ்ஏ ரகம் கார் ஓட்டத்துக்கென்றே தீ தாங்கும் சோதனை செய்தது, பைக் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. பணம் இருந்தால் அதில் போடுங்கள்.

வண்டியில் எடை குறைப்பதற்காக எதையும் கழற்றி வீசவேண்டாம். ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட்டில் கிடக்கும் சாமான், கால்மிதி எல்லாவற்றையும் ட்ராக்கில் போய் இறக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்பும்போது ஏற்றிக்கொள்ளலாம். ஓட்டுநர் பக்கக் கால்மிதியைக் கட்டாயம் எடுத்துவிடணும், பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும். இழுக்கும் கொக்கியை முன்கூட்டியே ஒரு தடவை மாட்டிப் பாருங்கள், பல ஐரோப்பிய வண்டிகளில் இடப்பக்கம் திருகினால்தான் இறுகும்.

சட்டமும் தெரிந்திருக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. கேஜ் அடித்து, சீட்டைக் கழற்றி, அகல டயர் வெளியே துருத்திக்கொண்டு ரோட்டில் ஓட்டுகிறவர்கள் இதையும் யோசிக்கட்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியின் பின்பக்கம் படித்தால் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு அது செல்லாது என்று அச்சிட்டிருக்கும். ட்ராக்கில் சுவரில் இடித்தால் செலவு முழுக்க நம் பையிலிருந்து. வீட்டில் இருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் என் மனைவியிடம் சொன்னேன், அவள் கேட்ட ஒரே கேள்வி, "வண்டி போச்சுன்னா அடுத்தது வாங்காம சமாளிக்க முடியுமா?" பேருந்தில் ஓசூர் போய் வர முடியும் என்று கணக்குப் பார்த்துச் சொன்ன பிறகுதான் பணம் கட்டினேன்.

திரும்பி வரும் வழியில் ஆம்பூரில் சாப்பிட நிறுத்தும்போது வீல் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒரு தடவை சரிபாருங்கள், பல தடவை சூடாகி ஆறிய போல்ட் தளர்ந்திருக்கலாம். மறுநாள் பேட் மாற்றும்போது காலிப்பர் ரப்பர் பூட் கருகியிருக்கிறதா, டிஸ்க்கில் விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கணும். மேற்பரப்பில் மயிரிழை போன்ற கோடுகள் வரும், விளிம்பு வரை ஓடினால் டிஸ்க்கை மாற்றித்தான் ஆகணும்.

ஏர் எடுக்கும் பிரஷர் பிளீடரும் டார்க் ரெஞ்சும் என்னிடம் இருக்கின்றன. கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் பக்கம் யாராவது முதல் தடவை ட்ராக்குக்குக் கிளம்புகிறீர்கள் என்றால் கமென்ட்டில் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்தால் பிரேக் ஆயிலை இங்கேயே சேர்ந்து மாற்றிவிடலாம், ஆயில் பாட்டில் மட்டும் வாங்கி வாருங்கள்.